தோல்

மார்ச் முதல் வாரம் எடுத்த இரத்தத்தை
நூறு என்று வைத்துக்கொள்கிறோம்.
ஆப்பிள் மரங்கள் மொட்டையாக நிற்கும் வாரம்,
தெளிப்பு தொடங்கியிருக்காது.
அது எலூத்தேரியோவின் நூறு.
ஏப்ரல் ஒன்பதாம் தேதி
அதே கை, அதே நரம்பு,
ஐம்பத்தெட்டு.

நாற்பது விழுந்தால் ஆளை விலக்க வேண்டும்.
எண்பதுக்கு ஏறும்வரை
மருந்துப் பக்கம் போகக் கூடாது.
மருந்து என்றா சொன்னேன்.
வெனாச்சிக்கு வந்து ஆறு வருடமாகியும் அந்தப் பழக்கம்.
எங்கள் பக்கம்
பயிருக்கு மருந்தடித்தான் என்போம்,
மருந்தைக் குடித்துவிட்டான் என்றும்.
இரண்டுக்கும் ஒரே டப்பா.
அவன் ‘ரெமேதியோ’ என்றான்.
என்ன பொருள் என்று கேட்டேன்,
சொன்னான்.
சிரித்துவிட்டேன்; ஏனென்று சொல்லவில்லை.

தூய நிலையில் அது வெள்ளைப் படிகம்.
நாற்பத்திரண்டு பாகையில் உருகும்,
கடுங்காய்ச்சலைவிடச் சற்றுத்தான் மேலே.
தண்ணீரோடு ஒட்டாது.
எண்ணெய் என்றால் கரைந்தே போகும்.
உடம்புக்குள் நுழையும்போது
அத்தனை பொல்லாததுமில்லை.
ஈரல்தான்,
வெளியே அனுப்பும் அவசரத்தில்
பாஸ்பரசைப் பிடித்திருந்த கந்தகத்தை உருவி எறிந்து
அந்த இடத்தில் ஆக்சிஜனைச் செருகுகிறது.
நஞ்சு அப்போதுதான்
நஞ்சாகிறது.

நரம்பின் முனையில் ஒரு நொதி.
ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும்
‘போதும்’ என்பது மட்டுமே அதன் வேலை.
அதன் வாயை இது அடைத்துவிடுகிறது.
பிறகு எச்சிலுக்குப் போதும் இல்லை,
வியர்வைக்கு இல்லை,
கன்னத்தில் ஒரு தசை
யாரையோ கூப்பிடுவதுபோல் துள்ளிக்கொண்டிருக்கும்.
கண்மணி குண்டூசித் தலையாகும்.
“மத்தியானம் ஒன்றரைக்கே இருட்டிவிட்டது,
மழை வரும் என்று நினைத்தேன்.”
அன்று மேகமே இல்லை.

ஏணி பழுதுபார்க்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள்.
டார்லீன் மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டாள்.
இரண்டாம் வாரம் அறுபத்தொன்று.
நான்காம் வாரம் அறுபது.
ஏறியிருக்க வேண்டும்.
கருவியைச் சரிபார்த்தேன்,
வேதிப்பொருளின் காலாவதித் தேதியை,
கடைசியில் என்னை.

ஆறாம் வாரம் பஞ்சு கீழே விழுந்தது.
எடுக்கக் குனிந்தேன்.
பூண்டு, அழுகின மாதிரி.
நாற்காலிக்கடியில் அவன் காலணிகள்,
கருஞ்சிவப்புத் தோல்,
விளிம்பில் இரட்டைத் தையல்,
முகம் தெரியும் மெருகு.
ரப்பர் காலணி கிழிந்த அன்று
இதைப் போட்டுக்கொண்டுதான் கலவை ஊற்றினான்.
கொஞ்சம் சிந்தியது.
துடைத்துவிட்டான்.
சமோரா பேருந்து நிலையத்தில் அண்ணன்
தன் காலிலிருந்து கழற்றித் தந்தது,
சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் போடுகிறானாம்.

எண்ணெய்.

டப்பாவின் சிட்டை ஒன்பது பக்கம்.
தோலில் படக் கூடாது என்பது இரண்டாம் பக்கம்.
தோல் பொருளில் பட்டால் கழுவிப் பயனில்லை,
எறிந்துவிடு என்பது ஏழாம் பக்கம்.
ஆங்கிலத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள்,
நடுவே ஐந்து பக்கம்.
எனக்கு ஒரே சொல்.
இருந்தும் ஆறு வாரம்
அவன் முழங்கைக்கு மேலேயே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சோப்புப் போட்டால்?”
போகாது.
“வெயிலில் வைத்தால்?”
எலூத்தேரியோ, போகாது.
கழற்றினான். காலுறையையும் என்றேன்.
கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்திருந்தது.
கையுறை இரண்டு மாட்டிக்கொண்டு
காலணிகளைப் பையில் போட்டு முடிச்சிட்டேன்.
அறுவை அறையின் நீலப் பிளாஸ்டிக் உறைகளைக் காலில் மாட்டி
சரக் சரக்கென்று
வண்டிவரை நடந்துபோனான்,
திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பது நாளில் எழுபத்திரண்டு.
ஜூன் நடுவில் எண்பத்து மூன்று.
‘திரும்பலாம்’ என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
கிளையில் காய்கள் நெல்லிக்காய் அளவு,
புழுவுக்கு இப்போது வேறு டப்பா,
பெயர் வேறு, குடும்பம் அதுதான்.
“மீதிப் பதினேழு எப்போது வரும்?”
வரும் என்றேன்.
வராவிட்டாலும்
அடுத்த மார்ச்சில் இரத்தம் எடுப்போம்,
எவ்வளவு இருக்கிறதோ
அதை நூறு என்று வைத்துக்கொள்வோம்.